ஐந்தாம் பங்கு

புதுசு பதினோரு நாள்தான் ஓடியது.
பன்னிரண்டாம் நாள் ஆல்பம் அச்சடிக்கும் பெட்டி
உன் பாஷை எனக்குப் புரியவில்லை என்று
சிவப்பு விளக்கைச் சிமிட்டி உட்கார்ந்துகொண்டது.
"பழசையே போட்டுரு" என்றார் சோலையப்பன்,
சட்டையை மாற்றச் சொல்வதுபோல.

போட்டேன். ராத்திரி முழுக்க இறங்கியது.
காலையில் பழைய திரை, பழைய எழுத்துரு.
பிரின்டரும் சமாதானமானது.
இடம் மட்டும் திரும்பி வரவில்லை.
அறுபத்தொரு ஜிபி.
கேட்டால், யாரோ இருக்கிறார்கள் என்கிறது.
யாரென்று சொல்ல மாட்டேன் என்கிறது.

டிஸ்க் யுடிலிட்டியைத் திறந்தேன்.
ஒரே கன்டெய்னர், உள்ளே ஐந்து வால்யூம்.
கானாடுகாத்தானில் போன மாசம்
சாந்திக் கல்யாணம் படமெடுத்த வீடுதான் இது:
ஒரே வாசல், ஒரே வளவு,
இரு பக்கமும் பூட்டிய அறைகள்,
பூட்டுக்கு ஒரு புள்ளி.
ஒரு சாவி பினாங்கில், ஒன்று அண்ணாநகரில்,
இன்னொன்று எங்கே என்று கோர்ட்டுக்கே தெரியாது.
முற்றத்து வெயில் மட்டும் பொது.
இங்கேயும் காலி இடம் பொது;
ஒருத்தர் சாமானை அடைத்தால்
அத்தனை பேருக்கும் குறையும்.

ஐந்தில் இரண்டுக்கு ஒரே பேர்: டேட்டா.

அந்த வீட்டில் மெய்யப்பன் மூன்று பேர்.
ஐயா பேரை ஆளுக்கொரு பேரனுக்கு வைத்ததில்
ராம. மெய்யப்பன், சித. மெய்யப்பன், அழ. மெய்யப்பன்.
சித. படத்துக்குக் கீழே ராம. என்று அடித்தேன்.
நாற்பது பக்கம் மறு அச்சு.
ஒன்றாம் தேதி சம்பளத்தில்
நாலாயிரத்து இருநூறைக் காணோம்.
அன்றிலிருந்து நான் பேரை நம்புவதில்லை.

மைனஸை அழுத்தினேன்.
பயன்பாட்டில் உள்ளது, நீக்க இயலாது.
யார் பயன்படுத்துகிறார்கள்?
நான் இல்லை.
சோலையப்பன் எதிர்க்கடையில் டீ குடிக்கிறார்.

தேவகோட்டை ஜெயினுலாப்தீனுக்குப் போன் போட்டேன்.
"உள்ள உக்காந்துக்கிட்டே உத்தரத்தை உருவலாமா?
அணைச்சுட்டு ரெக்கவரியில ஏறு.
பேரைப் பாக்காத, எண்ணைப் பாரு.
மாத்தி அழிச்சேன்னா
எனக்குப் போன் பண்ணாத."

இரண்டு என்பது இப்போது ஓடுவது.
ஐந்து என்பது அந்தப் பதினோரு நாள்.
உள்ளங்கையில் பேனாவால் ஐந்து எழுதிக்கொண்டேன்.
அணைக்கும் முன்
அதை ஒரு தடவை திறந்து பார்த்தேன், ஏனோ.

கல்யாணப் படமெல்லாம் வேறு டிஸ்கில் பத்திரம்.
இதில் இருந்தது குப்பை, பாதி இறங்கிய அப்டேட்,
அப்புறம் பெயரிடாதது மூன்று.
இரவு இரண்டு பத்துக்குச் சேமித்தது.

ஐயா,
மறு அச்சுக்குப் பிடித்த பணம் நியாயமில்லை.
பேர்ப்பட்டியல் உங்கள் கையெழுத்தில் வந்தது.
ராம. என்று எழுதியது நீங்கள்.
தாள் என்னிடம்

அவ்வளவுதான். 'என்னிடம்' பக்கத்தில் முற்றுப்புள்ளிகூட இல்லை.
தூக்கம் வந்திருக்கும்; பயமாகவும் இருக்கலாம்.
பென்டிரைவில் போட்டேன். பன்னிரண்டு கேபி,
ஒரு மணமகளின் மூக்குத்தியைவிடச் சின்னது.

ரெக்கவரி திரை வெறிச்சென்று இருந்தது.
ஐந்து. கையைப் பார்த்தேன். ஐந்து.
மறுபடியும் கை.
நீக்கு என்றதும் செக்காலை முழுக்கக் கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்தத் தொடங்க,
நீலக்கோடு பாதியில் நின்று
யோசித்து,
நகர்ந்தது.

சோலையப்பன் நிலைக்கதவில் நின்று
"எடம் வந்துருச்சா?" என்றார்.
"வந்துருச்சு."
"அப்ப ஆல்பத்தை விடு."
"ஒரு தாள் மட்டும் முதல்ல போகணும்."

கரண்ட் வரும்வரை
கடிதத்தின் கடைசி வரியை முடித்தேன்.
தாள் என்னிடம் இருக்கிறது.
பிரின்டர் இருமித் துப்பியது.
கீழே என் பேர், இனிஷியலோடு:
மு. பொன்னழகு.
இந்தக் கடையில்
வேறு பொன்னழகு யாரும் இல்லை,
ஆனாலும்.